மேசையில் ஒரே டப்பா

தோட்டா அடைப்பது உங்களுக்குப் பொழுதுபோக்காக ஒத்துவருமா என்று படியிறங்கும்போது கேட்டீர்கள், தம்பி. சும்மா பேச்சுக்குக் கேட்டதாகவும் இருக்கலாம். ஷெரிஃப் ஆபீஸுக்கு எடுத்துப்போன என் சாமான்களைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், துக்க வீட்டுக்காரனிடம் வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் ஏதோ ஒன்றைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் கேட்ட கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. உட்காருங்கள். அந்த நாற்காலி சுத்தமானதுதான். காபிக் கோப்பையை மட்டும் வெறும் மேசையில் வைக்காமல் அந்தச் சின்னத் தட்டின் மேல் வையுங்கள்.

காசு மிச்சமாகும் என்று சொல்பவனை முதலில் நம்பாதீர்கள். அப்படிச் சொல்லித்தான் எல்லோரும் மனைவியிடம் அனுமதி வாங்குகிறார்கள். இந்தப் பக்கத்தில் மான் வேட்டைக்குப் போகாத வீடு கிடையாது. கடையில் தோட்டா கிடைக்காத வருஷம் வந்தால் பாதி மொன்டானாவுக்கும் இந்த ஆசை வந்துவிடும். ஒரு கருவியை வாங்கிக் கராஜில் மாட்டி, நாலு வாரம் ஆடிவிட்டு, அதன்மேல் பெயிண்ட் டப்பாவை அடுக்கி வைத்துவிடுவார்கள். நல்லதுதான். அவர்கள் விட்டுவிடுவதே எல்லோருக்கும் நல்லது.

வேலை என்று பார்த்தால் பெரிய வித்தை எதுவும் இல்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, கழுவி, பளபளப்பாக்கி, எண்ணெய் தடவி, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடியில் பற்றவைக்கிற புதுக் கேப். உள்ளே வெடிமருந்து. வாயில் குண்டு. சமைக்கத் தெரிந்தவன் எவனும் கற்றுக்கொள்ளலாம். இல்லை, திருத்திச் சொல்கிறேன். சமைத்த பிறகு அடுப்படியைத் துடைக்கத் தெரிந்தவன் கற்றுக்கொள்ளலாம்.

ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. மருந்தில் பல வகை உண்டு. ரைஃபிள் மருந்து நிதானமாக எரியும். கைத்துப்பாக்கி மருந்து வெடுக்கென்று எரியும். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று போய்விட்டால், துப்பாக்கி வெடித்து, முன்பக்கம் சுடாமல் பின்பக்கம் சுடும். அதனால்தான் மேசைமேல் எப்போதும் ஒரே டப்பா. எது மேசைமேல் இருக்கிறதோ அதுதான் மேலே மாட்டியிருக்கும், கைப்பிடியை ஆட்டினால் கூட்டுக்குள் மருந்தை அளந்துவிடும் குடுவையிலும் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் குடுவையில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி, குடுவையைத் துடைத்துக் கவிழ்த்துவிட வேண்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். வேறு எதற்கும் சத்தியம் செய்து கொடுத்தவனல்ல. இந்த ஒன்றை மட்டும் ஒருநாளும் மீறியதில்லை.

இன்னொன்றும் உண்டு. அது இந்த வேலை தெரிந்த எல்லோருக்கும் பொது. அடுத்தவன் அடைத்த தோட்டாவை உன் துப்பாக்கியில் போடாதே. அண்ணன் தம்பியாக இருந்தாலும் சரி, பாதிரியாராக இருந்தாலும் சரி. அவன் கை சுத்தமா என்று உனக்கு எப்படித் தெரியும்? என் தங்கை லவோனுக்கு அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் மறக்கவும் இல்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

டெல்பர்ட்டை உங்களுக்குத் தெரியும். இந்தக் கவுண்ட்டியில் அவனைத் தெரியாதவர் யார்? கோதுமை லாரி ஓட்டுகிறவன், வழியில் யார் வண்டி நின்றிருந்தாலும் இறங்கித் தள்ளுகிறவன், என் தங்கையின் புருஷன். தங்கமான மனிதன் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தங்கமான மனிதன் அழுக்கு, தம்பி. நான் சட்டைக் கறையைச் சொல்லவில்லை. உள்ளுக்குள்ளிருந்தே ஒழுகுகிற அழுக்கு. வாயில் எந்நேரமும் புகையிலை. அந்த எச்சிலை ஒரு சோடா பாட்டிலில் துப்புவான். அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைப்பான். பழுப்பாக, மேலே நுரையோடு. பக்கத்தில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்.

அவன் தன் வீட்டுக் கராஜில்தான் முன்பு அடைத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் எதையோ கொட்டி, எதையோ பற்றவைத்து, ஜன்னல் திரை எரிந்துபோனது. மறுநாளே லவோன் ருபார்ப் தண்டு அடைத்த இனிப்பு ரொட்டி ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, அவர ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் உங்கிட்ட அனுப்பிடறேன். உன் கண்ணு முன்னாடி உக்காந்து அடைக்கட்டும். வீட்டுல வேணாம்."

"அவன் கை கழுவுவானா?"

"நீ சொன்னா கழுவுவாரு. உன் மேசையில அடைச்சா எனக்குப் பயமில்லண்ணே. நிம்மதியாத் தூங்குவேன்."

எனக்கு உலகத்தில் இருப்பது ஒரே தங்கை. சரி என்றேன்.

அன்றிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பொரித்த கோழியைத் தின்றுகொண்டே வருவான். விரலை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, அந்த விரலாலேயே குண்டை எடுத்துப் பொருத்துவான். மூக்கைச் சிந்திவிட்டு, பித்தளை துடைக்க நான் துவைத்து மடித்து வைத்திருக்கும் துணியில் துடைப்பான். காலிக் கூடுகளை லாரித் தரையிலிருந்து வாரிக்கொண்டு வருவான். அதில் நாய் முடி இருக்கும், கோழி எலும்பு இருக்கும், ஒருமுறை ரத்தம் காய்ந்து ஒட்டிய மான்தோல் துணுக்கு இருந்தது. இன்னொரு முறை அந்தப் பாட்டில் சாய்ந்து, நான் பாலிஷ் போட்டு வரிசையாக நிறுத்தியிருந்த கூடுகளின் மேல் முழுதாகக் கொட்டிவிட்டது. ரப்பர் உறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். "மச்சான், இது என்ன பேஸ்மென்ட்டா, ஆப்பரேஷன் தியேட்டரா? எச்சில்தானய்யா. விஷமா என்ன?"

"டெல்பர்ட், குடுவையில என்ன இருக்குன்னு பாத்தியா? தராசுல ஒண்ணாவது வெச்சுப் பாத்தியா?"

"நீ இருக்கும்போது நான் எதுக்குப் பாக்கணும்? நீ பாத்தா நான் பாத்த மாதிரிதானே. என்ன மச்சான், நீ வேற."

இதை நன்றாகக் கவனியுங்கள். அவன் பார்ப்பதில்லை. நான் இருப்பதால் பார்ப்பதில்லை. எத்தனையோ முறை சொல்லியும் பார்ப்பதில்லை.

செப்டம்பரில் எங்கள் துப்பாக்கிக் கிளப்பில் வான்கோழிப் போட்டி நடக்கும். வான்கோழியை யாரும் சுடுவதில்லை. காகிதத்தில் சுட்டு, குறி நெருக்கமாக விழுந்தவன் உறையவைத்த வான்கோழி ஒன்றை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவான். வருஷாவருஷம் அந்தப் பறவை என் ஃப்ரீசருக்குத்தான் வரும். இந்த வருஷம் டெல்பர்ட்டின் காகிதத்தில் ஐந்து ஓட்டையும் ஒரே ஓட்டைபோல விழுந்திருந்தது. ஒரு டாலர் நாணயத்தை வைத்து எல்லாவற்றையும் மறைத்துவிடலாம். அவன் என்னைக் கட்டிப்பிடித்து, "எல்லாம் என் மச்சான் மேசை ராசி!" என்று கத்தினான். அவன் தாடி என் கன்னத்தில் ஈரமாகப் பட்டது.

கிளப்பில் காபி ஊற்றுகிற கிழவன் ஐவர் இருக்கிறானே, அவன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "என்னப்பா ஆர்லன், இத்தன வருஷமாத் தொடச்சுத் தொடச்சு என்னத்தக் கண்டே? இனிமே நீயும் எச்சில் துப்பி அடைச்சுப் பாரு. அப்பத்தான் குறி விழும்போல."

போட்டிக் கூடாரமே சிரித்தது. லவோனும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வான்கோழிக்காக யாராவது பொறாமைப்படுவார்களா? எனக்கு அந்தக் கறி அவ்வளவாகப் பிடிக்கவும் பிடிக்காது. நான் யோசித்தது வேறு. கண்ணால் பார்க்காமல், கை கழுவாமல், நக்கிய விரலால் செய்த ஒரு காரியம் பலித்துவிட்டதே, அப்படியானால் பார்ப்பதற்கு என்ன மதிப்பு என்று யோசித்தேன். எங்கேயோ ஒரு கணக்கு தப்பாக இருந்தது. நல்ல மனிதர்கள்கூட அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நீங்கள் விசாரணையில் என்னிடம் கேட்ட ஞாயிற்றுக்கிழமை. அவன் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தான். மேசைமேல் ஒரே டப்பா இருந்தது, ரைஃபிள் மருந்து. குடுவை நிரம்பியிருந்தது. நான் அந்த மூலையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், லவோன் இந்த வருஷம் தானும் வர்றேங்கறா, வேட்டைக்கு. தனி லைசென்ஸ் வாங்கிட்டா. ஆரஞ்சுக் கோட்டு வாங்கிட்டா. கண்ணாடி முன்னாடி போட்டுப் பாத்துட்டுத் திரியறா, கல்யாணப் பொண்ணாட்டம்."

"நல்லது."

"நல்லதா? எனக்குத்தான் பயமா இருக்கு. என்னைவிடப் பெரிய மானா அடிச்சுட்டான்னா ஊர்ல தலை காட்ட முடியுமா?"

சிரித்துக்கொண்டே கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டி ஒவ்வொரு கூடாக நிரப்பினான். ரைஃபிள் மருந்து பென்சில் முனையை நறுக்கிப்போட்ட மாதிரி குச்சிகுச்சியாக இருக்கும், தம்பி. கைத்துப்பாக்கி மருந்து நொறுங்கிய மிளகு மாதிரி தட்டையாக இருக்கும். கண் உள்ளவனுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிய வழியே இல்லை. குடுவையின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலும் உற்றுப் பார்த்தால் தெரியும். கூட்டின் வாயில் எட்டிப் பார்த்தால் தெரியும். எதுவுமே இல்லையென்றாலும் ஒன்றைத் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். அவன் பாட்டிலில் துப்பினான். பாட்டிலை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தான். அடுத்த கூட்டை எடுத்தான்.

கூட்டுக்குள் விழுந்தது மிளகுதான். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

"பாத்தியா, டெல்பர்ட்?" என்று கேட்டேன்.

"என்னத்த?"

"ஒண்ணுமில்ல."

ஒரு முறை கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்ப்பே கொடுக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவன் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடினான். பெட்டிமேல் கோழி எண்ணெய் பட்டிருந்தது. அதை நான்தான் துடைத்துக் கொடுத்தேன்.

இதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே ஏறக்குறைய கண்டுபிடித்துவிட்டீர்கள். மிச்சத் தோட்டாக்களைப் பிரித்துப் பார்த்தீர்கள், உள்ளே இருந்த மருந்தைப் பார்த்தீர்கள். உங்களுக்குத் தெரியாதது அந்தத் தொலைபேசிப் பேச்சு. வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முதல் நாள் லவோன் கூப்பிட்டாள்.

"அண்ணே, இவரு லாரிப் படியில வழுக்கித் தோள்பட்டைய ஒடைச்சுக்கிட்டாரு. கட்டுப் போட்டிருக்கு. துப்பாக்கியத் தூக்க முடியாது. ஆனா என்னை மட்டும் போன்னு ஒரே தொல்லை. அவரு துப்பாக்கியையே குடுக்கறாரு."

"சரி."

"அதுல ஒரு சந்தேகம். மத்தவங்க அடைச்சத நம்ம துப்பாக்கியில போடக்கூடாதுன்னு நீதானே சொல்லுவே. இது அவரு அடைச்சது. உன் மேசையில அடைச்சது. நான் போடலாமா?"

பார்த்தீர்களா, மறக்கவில்லை. சின்ன வயதில் சொன்னதை இத்தனை வருஷம் கழித்தும் ஞாபகம் வைத்து, கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டாள். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது, உண்மையாகவே.

"அடைச்சது உன் புருஷன். அவனைக் கேளு," என்றேன்.

"அவரைக் கேட்டாச்சு. நீ பக்கத்துலயே உக்காந்திருந்தேன்னு சொன்னாரு. உக்காந்திருந்தியா?"

"உக்காந்திருந்தேன்."

"அப்புறம் என்ன. அது போதும் எனக்கு." சிரித்தாள். "மான் விழுந்தா மொத சாசேஜ் உனக்குத்தாண்ணே. கை கழுவிட்டுத்தான் அரைப்பேன், கவலைப்படாதே."

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. என் மேசையில் அடைத்தது என்றாள்; ஆமாம், மேசையில் அடைத்ததுதான். உட்கார்ந்திருந்தாயா என்று கேட்டாள், உட்கார்ந்திருந்தேன். மருந்து சரியா என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நம்புகிறேன். போனை வைத்த பிறகு திரும்பக் கூப்பிடலாமா என்று ஒரு யோசனை வரத்தான் செய்தது. ஆனால் நான் கூடுகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் பிசுபிசுப்பு. ரிசீவரை இரண்டு விரலால்தான் பிடித்திருந்தேன், அதிலும் கறை பட்டுவிட்டது. முதலில் அதைத் துடைத்தேன். பிறகு கையைக் கழுவினேன். கழுவி முடித்தபோது சாப்பாட்டு நேரமாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீட்டுக்குப் போன் செய்வது மரியாதை இல்லை.

மறுநாள் நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள்தான் முதலில் போனீர்கள். கட்டுப்போட்ட கையோடு டெல்பர்ட் பக்கத்திலேயே நின்றிருந்தானாம், அவளுக்கு மானைக் காட்டிக்கொண்டு. நான் பிறகு அவளை மார்ச்சுவரியில் பார்த்தேன். ஒரு பக்க முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். ஆரஞ்சுக் கோட்டைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். புதுக் கோட்டு, காலரில் விலைச்சீட்டு மாட்டிய நூல் இன்னும் அப்படியே இருந்தது. அதைக் கத்தரித்துவிடலாமா என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். ஏன் என்று தெரியவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு சர்ச்சின் கீழறையில் சாப்பாடு. பன்றிக்கறி சாண்ட்விச், உருளைக்கிழங்கு கேசரோல், வழக்கமானதுதான். டெல்பர்ட் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் தோளில் விழுந்தான். "நான் கொன்னுட்டேன் மச்சான். நான் பாக்கல. நீ படிச்சுப் படிச்சுச் சொன்னியே. நான்தான் பாக்கல. என் கையால அடைச்சு என் கையாலயே குடுத்தேன் அவளுக்கு." மூக்கும் கண்ணும் வாயும் ஒழுக என் காலரில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். விடவே இல்லை. நான் இரண்டு விரலால் அவன் முதுகில் தட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையை எரித்துவிட்டேன். துவைத்தாலும் போகாத ஈரம் அது. அவன் இப்போது சாப்பிடுவதில்லை, புகையிலைகூடப் போடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். வீட்டிலுள்ள துப்பாக்கிகளையெல்லாம் அவன் கண்ணில் படாமல் நண்பர்கள் ஒளித்து வைத்திருக்கிறார்களாம். அவனாக ஒரு பாடம் கற்றுக்கொண்டான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதோடு நான் சும்மா இருந்திருப்பேன். நீங்கள் சாமான்களை வைத்துவிட்டுக் கை குலுக்கிக்கொண்டு போயிருப்பீர்கள். ஆனால் நேற்றுக் காலை காபிக்கடையில் ஐவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையைத் தட்டிக் கொடுத்தான். குரலைத் தாழ்த்தி, மிகவும் அன்பாகச் சொன்னான்:

"மனசப் போட்டு வருத்திக்காதே ஆர்லன். வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். முந்தின வேலையில மிஞ்சின மருந்து குடுவையில கெடந்திருக்கு, கொட்ட மறந்துட்டே. அவனும் பாக்கல. யாரு மேலயும் தப்பில்லப்பா. கவனக்குறைவு, அவ்வளவுதான்."

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். ஷெரிஃப் ஆபீஸில் அப்படித்தான் முடிக்கப்போகிறார்கள் என்றான். பக்கத்து மேசையில் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். பரிதாபமாகப் பார்த்தார்கள். முட்டை கொண்டுவந்த பெண் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என்னால் அந்த முட்டையைத் தொடவே முடியவில்லை. டெல்பர்ட்டின் எச்சில் பாட்டில்கூட எனக்கு அவ்வளவு அருவருப்பைக் கொடுத்ததில்லை.

சற்று முன்னால் மேலே நின்று நீங்களும் அதையே சொன்னீர்கள். "மறந்திருப்பீங்க, விடுங்க சார்" என்றீர்கள்.

நான் மறக்கவில்லை, தம்பி. முந்தின நாள் வேலை முடிந்ததும் குடுவையைக் காலி செய்தேன், துடைத்தேன், கவிழ்த்தேன், எப்போதும்போல. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து சீக்கிரமாக வந்து, கையைக் கழுவிக்கொண்டு, அலமாரியிலிருந்து கைத்துப்பாக்கி மருந்தை எடுத்துக் குடுவை நிறைய ஊற்றினேன். ஒரு துளிகூட வெளியே சிந்தவில்லை. அந்த டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ரைஃபிள் மருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒரே டப்பா. பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு அந்த மூலையில் உட்கார்ந்து, அவன் லாரிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். பார்த்திருந்தால் அவன் தேறியிருப்பான், அவளும் பிழைத்திருப்பாள். அதைவிட எளிய பரீட்சை ஒன்றை யாருக்கு வைக்க முடியும்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இது உங்களுக்கு ஒத்துவராது. தட்டு இருந்தும் கோப்பையை வெறும் மேசையில் வைத்திருக்கிறீர்கள். பாருங்கள், வட்டமாகக் கறை விழுந்துவிட்டது. பரவாயில்லை, நான் துடைத்துக்கொள்கிறேன். நீங்கள் பேனாவை எடுங்கள். சொந்தத் தங்கையைக் கொன்றவன் என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கவனம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.